ஆடம்பரம், பகட்டு, படாடோபம், டாம்பீகம், பந்தா: எதை எங்கே போடுவது?

நீங்கள் கேட்டிருப்பது இது. ஒரு கதை எழுதுகிறீர்கள். அதில் திடீரென்று பணம் சேர்ந்த ஒரு மனிதர் வருகிறார். ஒரே சொல் திரும்பத் திரும்ப வரக் கூடாதே என்று அவரைப் பற்றிச் சொல்லும் இடங்களில் ஆடம்பரம், பகட்டு, படாடோபம், டாம்பீகம், பந்தா என்று ஐந்தையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறீர்கள். படித்துப் பார்த்த நண்பர் எங்கேயோ இடிக்கிறது என்கிறார்; எங்கே என்று அவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அகராதியைப் புரட்டினால் ஒன்றுக்கு மற்றொன்றையே பொருளாகக் கொடுத்திருக்கிறார்கள். ஐந்தும் ஒன்றுதானா, இல்லை வேறு வேறா என்று கேட்கிறீர்கள். உங்களுக்குப் பொருள் தெரியாமல் இல்லை. எந்தச் சொல் எந்த இடத்தில் உட்காரும் என்பதுதான் சிக்கல். நான் மொழியியல் படித்தவன் இல்லை. பிறர் எழுதியதைத் திருத்திக் கொடுப்பது என் பிழைப்பு. அந்தப் பழக்கத்தில் காதுக்குப் பிடிபட்டதையும், சொற்களின் வரலாற்றில் உறுதியாகத் தெரிந்ததையும் தனித்தனியாகவே சொல்கிறேன்.

எனக்குப் பயன்பட்ட ஒரு வழி இருக்கிறது. காட்டுகிறவரை விட்டுவிட்டு, எதிரே நிற்பவரிடம் அவர் என்ன எதிர்பார்க்கிறார் என்று பார்ப்பது. ஆடம்பரத்துக்கு எதிரே ஆளே வேண்டியதில்லை. யாரும் வராத வீட்டில் ஒருவர் தனியாக ஆடம்பர வாழ்க்கை வாழலாம், சொல் பொருந்தும். பகட்டுக்குக் கண் வேண்டும். பார்க்க ஆளில்லாத இடத்தில் பகட்டு இல்லை. படாடோபம் எதிரே இருப்பவர் மலைத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்க்கிறது. டாம்பீகம் நம்ப வேண்டும் என்கிறது. பந்தாவோ வழி விடச் சொல்கிறது. எழுந்து நிற்க, காத்திருக்க, ‘சார்’ போடச் சொல்கிறது. செலவு, தோற்றம், மலைப்பு, நம்பிக்கை, மரியாதை என்று ஐந்து வேறு சரக்குகள். உங்கள் நண்பருக்கு இடித்தது இங்கேதான் என்று நினைக்கிறேன்.

நீங்கள் எடுத்துக் கொடுத்த வாக்கியங்களையே பார்ப்போம். ‘பந்தாவான சட்டை போட்டிருந்தார்’ என்று எழுதியிருக்கிறீர்கள். சட்டைக்குப் பந்தா கிடையாது. சட்டை பகட்டாகத்தான் இருக்கும். ‘பந்தாவாக வந்து இறங்கினார்’ என்றால் சரி, ஏனென்றால் அங்கே பேச்சு ஆளைப் பற்றியது. பேச்சு வழக்கில் ‘பந்தாவா டிரெஸ் பண்ணிட்டு வந்தான்’ என்பார்கள், அதுவும் சரிதான். அங்கேயும் பந்தா அவன் வந்த விதத்தில் இருக்கிறது, துணியில் இல்லை. அடுத்தது, ‘எல்லோரிடமும் ஆடம்பரமாகப் பேசினார்’. பழைய உரைநடையில் ஆடம்பரமான பேச்சு உண்டு. இன்றைய வாசகர் அதைப் படித்துவிட்டு ஒரு கணம் நின்று யோசிப்பார். நீங்கள் சொல்ல வந்தது அவர் தன்னைப் பற்றிப் பெரிதாகப் பேசினார் என்றால் பீற்றிக்கொண்டார், சொற்களை அலங்காரமாக அடுக்கினார் என்றால் பகட்டாகப் பேசினார், செய்ய முடியாததைச் செய்வதாகச் சொன்னார் என்றால் வாய்ப்பந்தல் போட்டார். மூன்றாவது வாக்கியம்தான் கதைக்கே உலை வைப்பது: ‘மகன் கல்யாணத்தை டாம்பீகமாக நடத்தினார்.’ கதைப்படி அவரிடம் பணம் உண்மையிலேயே இருக்கிறது. டாம்பீகம் என்றதும் என்னைப் போன்ற வாசகன், ஓகோ, கடன் வாங்கிச் செய்கிறார் போலிருக்கிறது, பின்னால் ஏதோ வரப்போகிறது என்று காத்திருக்க ஆரம்பித்துவிடுவான். நீங்கள் அப்படி எதுவும் வைக்கவில்லை.

அந்தச் சந்தேகம் எனக்கு ஏன் வருகிறது என்பதற்கு ஒரு காரணம் உண்டு. டாம்பீகம் வடமொழித் ‘தம்ப’ என்பதிலிருந்து வந்தது. அங்கே அதற்குப் பொருள் வஞ்சனை, போலித்தனம். கீதையின் 16ஆவது அத்தியாயம் அசுர குணங்களை அடுக்கும்போது முதலில் நிறுத்துவது இந்தத் தம்பத்தைத்தான். தமிழில் அது டம்பம், இடம்பம் என்றெல்லாம் வந்து, டம்பாச்சாரி என்று ஓர் ஆளாகவே ஆகிவிட்டது. 19ஆம் நூற்றாண்டில் காசி விசுவநாத முதலியார் எழுதிய ‘டம்பாச்சாரி விலாசம்’ என்ற நாடகம், சொத்தையெல்லாம் அழித்துக்கொண்ட ஒரு செல்வந்தனின் கதை. பெயரைச் சொன்னால் இன்றும் ஆள் எப்படிப்பட்டவர் என்று புரிந்துவிடும். இதெல்லாம் உறுதி. ஆனால் இன்றைக்கு எழுதுகிற எல்லோரும் டாம்பீகத்தில் அந்தப் போலித்தனத்தைக் கேட்கிறார்களா என்றால், இல்லை. ஆடம்பரத்துக்கு மாற்றாக மட்டும் எழுதுகிறவர்கள் ஏராளம், அதைத் தவறு என்று அடிக்க எனக்கு அதிகாரம் இல்லை. அந்தப் போலித்தனம் தேவைப்படும் இடத்துக்காக அந்தச் சொல்லைச் சேமித்து வையுங்கள் என்று மட்டும் சொல்வேன். ‘குடிப்பது கூழ், கொப்பளிப்பது பன்னீர்’ என்ற பழமொழியில் வருகிறவர் டாம்பீகக்காரர். அவரை ஆடம்பரக்காரர் என்று சொல்லிப் பாருங்கள், சப்பென்று போய்விடும்.

படாடோபத்தைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல ஆசை. முதலில் எழுத்து. ‘படோடாபம்’, ‘படோடோபம்’ என்றெல்லாம் என் மேசைக்கு வரும். சரியான வடிவம் படாடோபம். வடமொழியில் ‘படா’ என்றால் பாம்பு விரிக்கும் படம். ‘ஆடோபம்’ என்றால் புடைத்தல், விரிதல். இரண்டும் சேர்ந்தால் பாம்பு படம் விரித்து எழும் நிலை. பஞ்சதந்திரத்தில் இதைச் சொல்லும் ஒரு சுலோகம் இருக்கிறது: விஷமில்லாத பாம்பும் பெரிதாகப் படம் எடுக்க வேண்டும், விஷம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்தப் படாடோபமே பயமுறுத்தப் போதும். சொல்லுக்குள் இருக்கும் அந்தப் பாம்பை ஒருமுறை பார்த்துவிட்டால் அப்புறம் தவறான இடத்தில் அதை எழுதக் கை வராது. ஒரு கூட்டத்தை, ஓர் அறிமுகத்தை, ஓர் அறிவிப்பைப் படாடோபமாகச் செய்யலாம். வாசலில் பத்துப் பேர் நிற்க, முன்னால் இரண்டு வண்டி போக, பெயருக்கு முன்னால் நாலு பட்டம் வாசிக்கப்பட, ஒருவர் மேடையேறுவது படாடோபம். அவர் கையில் போட்டிருக்கும் மோதிரம் படாடோபம் ஆகாது, அது பகட்டு. படாடோபத்துக்கு இடமும் ஆளும் ஏற்பாடும் தேவை.

பக்கத்தில் இன்னொரு வழக்கு நிற்கிறது: ‘படம் காட்டுதல்’. சும்மா படம் காட்டாதே என்கிறோமே, அது. பாம்புப் படம் வேறு, திரைப்படம் வேறு. பேச்சு வழக்கில் வருவது திரையில் ஓடும் படத்திலிருந்து வந்தது என்றுதான் நினைக்க வேண்டியிருக்கிறது, ஏனென்றால் ‘ஃபிலிம் காட்டுதல்’ என்றும் சொல்கிறோம். பாம்பு படம் எடுக்கும், காட்டாது. ஒலி ஒத்துப்போனது தற்செயல்.

எந்தச் சொல் எதைக் குறிக்கிறது என்று சந்தேகம் வந்தால் நான் செய்யும் சோதனை ஒன்று இருக்கிறது. சொல்லுக்குப் பின்னால் ‘இல்லாத’ என்று சேர்த்துப் பாராட்டாக மாற்றிப் பார்ப்பேன். ஆடம்பரம் இல்லாத மனிதர் என்றால் அவருடைய வாழ்க்கை முறை எளிமையானது; பேச்சில் கர்வம் பிடித்தவராகக்கூட இருக்கலாம். பந்தா இல்லாத மனிதர் என்றால் பெரிய பதவியில் இருக்கிறார், ஆனாலும் யாரும் போய்ப் பேசலாம். அவருடைய வீடு மாளிகையாக இருந்தால்கூட இந்தப் பாராட்டுக்குக் குறைவில்லை. அலட்டல் இல்லாத மனிதர் என்றால் வேலை தெரிந்தவர், தெரிந்ததைப் பெரிதுபடுத்தாதவர். நடிகரையோ ஆட்டக்காரரையோ பாராட்ட மிகப் பொருத்தம். பகட்டில்லாத என்பது ஆளை விட நடைக்கும் உடைக்கும் ஓவியத்துக்கும் நன்றாக ஒட்டும். டாம்பீகம் இல்லாத, படாடோபம் இல்லாத என்பவையும் உண்டு. ஜம்பம் இல்லாத என்று யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. ஜம்பம் அடிக்காதவர் என்பார்கள். எதிர்மறையில் நிற்கும்போது சொல்லின் எல்லைக்கோடு தெளிவாகத் தெரிகிறது.

எந்த வினையோடு சேருகிறது என்பதும் முக்கியம். ஜம்பம், தம்பட்டம் இரண்டையும் அடிக்கிறோம். தம்பட்டம் ஒரு வகைப் பறை, அதனால் அடிப்பது இயல்பு. ஜம்பத்தை ஏன் அடிக்கிறோம் என்றால், அதுவும் சத்தம் போட்டுச் செய்வதால்தான் போலிருக்கிறது. டம்பமே ஜம்பமாகத் திரிந்திருக்கலாம் என்பது நியாயமான ஊகம், அதற்கு மேல் அழுத்திச் சொல்ல மாட்டேன். உதார், பீலா, சவடால் ஆகியவற்றை விடுகிறோம். காற்றுக்குச் சொல்லும் வினை அது, உள்ளே ஒன்றுமில்லை என்பது வினையிலேயே இருக்கிறது. பவிசையும் கெத்தையும் காட்டுகிறோம். சீன் போடுகிறோம், வேஷம் போடுவதைப் போல. பில்டப்பைக் கொடுக்கிறோம், இதில் ஒரு வசதி உண்டு, அடுத்தவருக்கும் கொடுக்கலாம். ‘அவருக்கு நீ ஏன் இவ்வளவு பில்டப் கொடுக்கிறாய்’ என்று கேட்க முடியும். ‘அவருக்கு நீ ஏன் பந்தா காட்டுகிறாய்’ என்றால் பொருளே மாறிவிடும், அவரிடம் பந்தா காட்டுவதாக ஆகிவிடும். உங்கள் கதையில் அந்தப் பணக்காரரைச் சுற்றி நிற்கும் ஆட்களைப் பற்றி எழுதும்போது இந்த வேறுபாடு உதவும். பந்தா அவருடையது, பில்டப் அவர்கள் கொடுப்பது.

இந்தச் சொற்களை ஒன்றாக வைத்துப் பார்க்கும்போது எனக்கு எப்போதும் ஆச்சரியமாக இருப்பது, இவற்றில் எத்தனை காதிலிருந்து வந்தவை என்பது. ஆடம்பரம் கண்ணால் பார்ப்பது என்றுதானே நினைக்கிறோம்? வடமொழியில் ‘ஆடம்பர’ என்பதற்கு முதற்பொருள் பேரிகை, அதன் முழக்கம். யானையின் பிளிறலுக்கும் அந்தப் பெயர் உண்டு. கோலாகலம் இரைச்சல் என்ற பொருளில் பிறந்தது. அமர்க்களம் போர்க்களம். ஆர்ப்பாட்டத்தில் இருக்கும் ஆர்ப்பு ஆரவாரக் கூச்சல். தடபுடல், தாம்தூம் ஒலிக்குறிப்புகள். தாம்தூம் என்று செலவு செய்கிறான் என்று சொல்லும்போது பணம் போகிற சத்தமே கேட்கும். வெற்றுக் காட்சியைச் சத்தம் என்று சொல்வது தமிழுக்குப் புதிதும் இல்லை. ‘மனத்துக்கண் மாசிலன் ஆதல் அனைத்தறன், ஆகுல நீர பிற’ என்ற 34ஆம் குறளில் வரும் ஆகுலத்துக்குப் பரிமேலழகர் ஆரவாரம் என்றே உரை எழுதுகிறார். பிறர் அறிய வேண்டும் என்று செய்யப்படுவதால் அந்தப் பெயர் என்று காரணமும் சொல்கிறார். பிறர் அறிய வேண்டும் என்பதற்காகச் செய்வது. இந்தச் சொற்குடும்பம் முழுவதற்கும் இதைவிடச் சுருக்கமான இலக்கணம் எனக்குத் தெரியாது.

ஆனால் சத்தத்தில் பிறந்த சொல் எல்லாம் பழிச்சொல் ஆகிவிடவில்லை. விழா கோலாகலமாக நடந்தது, விமரிசையாக நடந்தது, ஜாம் ஜாம் என்று நடந்தது என்றால் பாராட்டு மட்டுமே. தடபுடலான ஏற்பாடு என்றால் பெரும்பாலும் பாராட்டு, கொஞ்சம் புருவம் உயர்த்தல். அமர்க்களம் சொல்கிறவரின் குரலைப் பொறுத்தது: ‘அமர்க்களப்படுத்திவிட்டார்’ புகழ்ச்சி, ‘சும்மா அமர்க்களம் பண்ணாதே’ அதட்டல். பலர் சேர்ந்து மகிழும் காரியத்துக்குச் சத்தம் அழகு, தனி ஆள் போட்டால் குற்றம் என்பது பொதுவான போக்கு. ஆர்ப்பாட்டம் இதிலிருந்து விலகி அரசியலுக்குப் போய்விட்டது. ‘ஆர்ப்பாட்டம் செய்தார்கள்’ என்று எழுதினால் கோரிக்கை என்ன என்று வாசகர் கேட்பார். ‘ஆர்ப்பாட்டம் இல்லாமல்’ என்ற எதிர்மறையில் மட்டும் பழைய பொருள் தங்கியிருக்கிறது.

இன்னொரு பக்கம், ஆடம்பரமே மெல்லப் பல்லை இழந்துவருகிறது. பொருளாதாரப் பாடத்தில் அத்தியாவசியப் பண்டம், ஆடம்பரப் பண்டம் என்று பிரிக்கும்போது அதில் கண்டனம் இல்லை, வகைப்பாடு மட்டுமே. விளம்பரத்தில் ஆடம்பரக் குடியிருப்பு என்று போட்டுக்கொள்கிறார்கள். பகட்டுக் குடியிருப்பு என்று யாரும் விளம்பரம் செய்ய மாட்டார்கள். கண்டிக்க வேண்டும் என்றால் இன்றைக்கு ஆடம்பரம் மட்டும் போதாது. ‘வீண்’ என்றோ ‘வெற்று’ என்றோ ஒரு துணை தேவைப்படுகிறது. விளம்பரத்துக்கு இதைவிடவும் பிடித்த சொல் சொகுசு. சொகுசு உடம்புக்குச் சுகம் தருவது. அதில் காட்டிக்கொள்வது குறைவு. ஊதாரித்தனம் இந்த வரிசையில் சேராது, அடிக்கடி சேர்த்து எழுதுவதால் சொல்கிறேன். ஊதாரி யார் கண்ணுக்கும் தெரியாமல் பணத்தைத் தொலைக்கலாம். கணக்குப் புத்தகத்தில் மட்டும் தெரியும் குற்றம் அது.

பெருமிதம் என்ற சொல்லையும் கேட்டிருக்கிறீர்கள், அது நல்லதா கெட்டதா என்று. இன்று நல்லது. பெருமிதம் கொள்கிறேன் என்று மேடையில் சொல்லலாம். தொல்காப்பியத்திலும் நல்லதுதான், எட்டு மெய்ப்பாடுகளில், அதாவது உள்ளத்து உணர்ச்சி உடம்பில் வெளிப்படும் நிலைகளில் ஒன்று, கல்வி, தறுகண் (அஞ்சாமை), இசைமை (புகழ்), கொடை என்ற நான்கிலிருந்து பிறப்பது. ஆனால் ‘பெருமை பெருமிதம் இன்மை’ என்று தொடங்கும் 979ஆம் குறளில் அது செருக்கு. பழைய நூலை மேற்கோள் காட்டும்போது எந்தப் பெருமிதம் என்று பார்த்துக்கொள்ளுங்கள், அவ்வளவுதான்.

கதை எழுதுகிறவர் என்பதால் இதையும் சொல்லிவிடுகிறேன். இந்தச் சொற்களில் ஆண், பெண் பாகுபாடு வெளிப்படையாகவே இருக்கிறது. மினுக்கு, தளுக்கு, குலுக்கு, மேனாமினுக்கி எல்லாம் பெண்களை நோக்கி எறியப்படுபவை. உதார், சவடால், ஜபர்தஸ்து, மைனர்த்தனம் ஆண்களுக்கு. ஒரு பெண் பளிச்சென்று உடுத்தினால் மினுக்கு என்றும், அதையே ஓர் ஆண் செய்தால் ஷோக்கு என்றும் சொல்வது வழக்கம். முன்னது திட்டு, பின்னது செல்லக் கிண்டல். பாத்திரம் பேசும்போது இதை அப்படியே வைக்கலாம், அந்தப் பாத்திரம் எப்படிப்பட்டது என்று காட்டும். கதைசொல்லியின் குரலில் மேனாமினுக்கி என்று எழுதினால் அந்தச் சொல்லுக்கு நீங்கள் பொறுப்பு. ‘ஒய்யாரக் கொண்டையாம் தாழம்பூவாம், உள்ளே இருக்குமாம் ஈரும் பேனும்’ என்ற பழமொழிகூடக் கொண்டையைத்தான் பிடித்துக்கொள்கிறது, மீசையை விட்டுவிடுகிறது.

ஜபர்தஸ்து, ஷோக்கு, ஜோர், தர்பார் எல்லாம் பாரசீக, உருது வழியில் வந்தவை. ஜபர்தஸ்துக்கு அங்கே ‘மேலோங்கிய கை’ என்று பொருள், அதாவது பலவந்தம். தமிழில் அதட்டலும் மிடுக்கும் கலந்த தோரணையாகிவிட்டது. பந்தாவின் மூலம் பற்றிப் பலர் பலவிதமாகச் சொல்கிறார்கள். அவற்றை வைத்து அதன் பொருளை முடிவு செய்ய வேண்டாம், வழக்கே போதும். ‘அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான்’ என்பதில் வரும் குடை பந்தாவுக்கு நல்ல எடுத்துக்காட்டு. அவனிடம் குடை உண்மையிலேயே இருக்கிறது, போலி இல்லை. குடை பிடித்து நடப்பது ஒரு காலத்தில் உயர்நிலையின் அடையாளம். வெயிலும் இல்லாத, பார்க்கவும் ஆளில்லாத நேரத்தில் பிடிப்பதுதான் கேலிக்கு இடமாகிறது. உங்கள் கதையின் மனிதருக்கு ஐந்து சொல்லில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளலாம் என்றால் நான் பந்தாவைத்தான் வைப்பேன். பணம் நிஜம், புதிது, அதற்கு ஏற்ற மரியாதை இன்னும் வந்து சேரவில்லை என்று நினைக்கிறார். நீங்கள் எழுதிய காட்சிகளில் அவருடைய எரிச்சல் முழுவதும் அங்கிருந்துதான் கிளம்புகிறது. செலவு வரும் இடத்தில் ஆடம்பரம், சட்டைக்குப் பகட்டு. டாம்பீகத்தை எடுத்துவிடுங்கள்.

கெத்து, மாஸ், அலப்பறை, சீன் போன்ற புதிய சொற்களைப் பொறுத்தவரை என் காதை நம்ப வேண்டாம். அவை வேகமாக நிறம் மாறுகின்றன, வயதுக்கு வயது வேறாகவும் இருக்கின்றன. கெத்து இளைஞர்கள் வாயில் பெரும்பாலும் பாராட்டு என்பது தெரிகிறது. சீன் இன்னும் திட்டாகவே இருக்கிறது. உங்கள் கதையில் இருபது வயதுப் பையன் ஒருவன் அந்தப் பணக்காரரைப் பற்றிப் பேசும் உரையாடல் வருகிறதல்லவா, அதை மட்டும் அந்த வயதில் இருக்கும் யாரிடமாவது படிக்கக் கொடுங்கள். ‘டாம்பீகமா பண்றாரு’ என்று அவன் சொல்ல மாட்டான்.